ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு உதவித்தொகை: எங்கே, எப்போது, எப்படிக் கேட்பது

தேசியப் பாதுகாப்பு அகாடமியான என்.டி.ஏ.வில் இடம் கிடைத்துவிட்டால் வீட்டுக்கு ஒரு பைசா செலவில்லை என்று ஊரில் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மைதான். புனே பக்கத்தில் கடக்வாஸ்லாவில் இருக்கும் இந்த அகாடமியில் மூன்று வருடம் தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், சீருடை, மருத்துவம் எல்லாம் அரசு செலவு. ஆனால் சேருகிற நாளில் கேடட் (பயிற்சி பெறும் மாணவர்) கட்ட வேண்டிய ஒரு தொகை இருக்கிறது. அதற்குப் பிறகு கைச்செலவுக்கு மாதா மாதம் வீட்டிலிருந்து பணம் போக வேண்டும். யூ.பி.எஸ்.சி. அறிவிக்கையின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் இந்த விவரத்தை, தேர்வுக்குப் படிக்கிற காலத்தில் யாரும் படிப்பதில்லை. இறுதிப் பட்டியலில் பெயர் வந்த பிறகுதான் வீட்டில் பார்க்கிறார்கள்.

அண்மை ஆண்டுகளின் அறிவிக்கையில் உள்ள கணக்கு இது:

- ஐந்து மாதக் கைச்செலவு, மாதம் 3,000 வீதம்: 15,000 ரூபாய்
- உடை, உபகரணங்கள்: 17,880 ரூபாய்
- ராணுவக் குழுக் காப்பீட்டு நிதி: 7,200 ரூபாய்
- சேரும்போது தேவைப்படும் துணிமணிகள்: 8,681 ரூபாய்
- முதல் பருவத்தின் இதர செலவு: 7,138 ரூபாய்

மொத்தம் 55,899 ரூபாய். மாதச் சம்பளக்காரர் வீட்டில் எப்படியாவது புரட்டிவிடுவார்கள். கூலி வேலை செய்கிற வீட்டில், அல்லது அப்பா இல்லாமல் அம்மா ஒருத்தியே குடும்பத்தை ஓட்டுகிற வீட்டில், இதற்காக நகை அடகுக்குப் போகும், இல்லையென்றால் வட்டிக்கு வாங்குவார்கள். அப்படி ஆகாமல் இருக்க வழிகள் உண்டு. அரசு உதவி இருக்கிறது, நினைவு உதவித்தொகைகள் இருக்கின்றன, ஊர்ச் சங்கங்கள் இருக்கின்றன. எதை எப்போது கேட்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

முதல் படி: எந்த அகாடமி என்று பாருங்கள்

அதிகாரிப் பயிற்சி என்று பொதுவாகச் சொன்னாலும் பணத்தேவை இடத்துக்கு இடம் மாறும்.

டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாடமியான ஐ.எம்.ஏ.விலும் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓ.டி.ஏ.விலும் பயிற்சிக் காலம் முழுவதும் மாதம் 56,100 ரூபாய் உதவிப்படி உண்டு. அதனால் அங்கே சேருகிற பட்டதாரிக்கு நெருக்கடி என்பது சேருகிற வாரத்துச் செலவும், முதல் படித்தொகை கைக்கு வரும் வரை ஆகிற செலவும்தான். சேர்க்கை உத்தரவில் கேட்டிருக்கும் தொகையைக் குறுகிய காலக் கைமாற்றாக வாங்கினாலே சமாளித்துவிடலாம். அதற்காக அறக்கட்டளை வாசலில் நிற்க வேண்டியதில்லை.

என்.டி.ஏ. அப்படி இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை போகிற இடம். மூன்று வருடம் கழித்து ஐ.எம்.ஏ.வுக்கோ கடற்படை, விமானப்படை அகாடமிகளுக்கோ மாறும்போதுதான் அந்த உதவிப்படி தொடங்கும். அதுவரை கைச்செலவு வீட்டின் பொறுப்பு. உண்மையான தேவை இருப்பது இந்த மூன்று வருடத்தில்தான். இந்த வழிகாட்டி பெரும்பாலும் என்.டி.ஏ.வைப் பற்றியே பேசுவது அதனால்தான்.

இரண்டாம் படி: தேர்வுக்கு முன்பே குறைக்கக்கூடிய செலவுகள்

விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் அதுவும் இல்லை. எஸ்.எஸ்.பி. எனும் படைத் தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்கு முதல் முறை போகிறவருக்கு மூன்றாம் வகுப்பு ஏ.சி. ரயில் கட்டணம் போக வர இரண்டுக்கும் திருப்பித் தரப்படும். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஆனால் முதலில் டிக்கெட் எடுக்கப் பணம் வேண்டுமே. எஸ்.எஸ்.பி.யில் தேறிய பிறகு மருத்துவப் பரிசோதனை வரும். பல் சொத்தை, காதில் அழுக்கு மாதிரி சரிசெய்யக்கூடிய சின்னக் குறைகளுக்காகப் பிள்ளையைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதும் உண்டு. ஊரில் யாராவது 'என்ன உதவி வேண்டும்?' என்று இந்தக் கட்டத்தில் கேட்டால் பல் மருத்துவச் செலவைக் கேளுங்கள். பெரிய பயிற்சி மையக் கட்டணத்தைவிட அது பிள்ளைக்கு அதிகம் உதவும்.

மூன்றாம் படி: வருமானச் சான்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்

அரசு நிதியுதவிக்கு உச்சவரம்பு, பெற்றோர் வருமானம் மாதம் 21,000 ரூபாய். வருடக் கணக்கில் 2,52,000. இந்த வரம்புக்குள் இருந்தால் எஸ்.எஸ்.பி. முடிவு வந்ததுமே இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். இறுதிப் பட்டியல் வரட்டும் என்று காத்திருந்தால், வி.ஏ.ஓ. விடுப்பில் இருக்கிறார், ஆர்.ஐ. ஆய்வுக்கு வரவில்லை என்று வாரங்கள் போய்விடும். சான்றில் அப்பா பெயரின் எழுத்துகளும் பிள்ளையின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இனிஷியல் முன்னே பின்னே இருந்தால்கூடத் திருத்தி வாங்கிவிடுங்கள். பெயர் விஷயத்தில் ராணுவ அலுவலகங்கள் கறாராக இருப்பார்கள்.

நான்காம் படி: கலெக்டர் வழியாக அரசு நிதியுதவி

எல்லா உதவிகளிலும் இதுதான் முக்கியமானது. இதைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள்.

கைச்செலவைத் தர முடியாத பெற்றோரின் பிள்ளைக்கு முதல் இரண்டு வருடம் மாதம் 1,000 ரூபாய் வரையும், மூன்றாம் வருடம் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் அரசு தரலாம். உதவி அனுமதியானால், சேரும்போது கட்டிய பணத்தில் உடை உபகரணக் கணக்கிலிருந்து ஏறத்தாழ 13,935 ரூபாயும் கைச்செலவுக் கணக்கில் ஒரு பகுதியும் திரும்ப வரும். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் பயிற்சியில் இருந்தால் இருவருக்குமே கேட்கலாம்.

விண்ணப்பத்தை நேரே அகாடமிக்கு அனுப்பக் கூடாது. இறுதித் தேர்வு ஆனவுடனே, தாமதிக்காமல், மாவட்ட ஆட்சியர் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். அவர் பரிந்துரை எழுதி கடக்வாஸ்லாவில் உள்ள அகாடமித் தலைவரான கமாண்டன்டுக்கு அனுப்புவார். ஆகவே இப்படிச் செய்யுங்கள்:

கோரிக்கை மனு, வருமானச் சான்று, யூ.பி.எஸ்.சி. பட்டியலில் பெயர் உள்ள பக்கம், சேர்க்கை உத்தரவு, குடும்ப அட்டை நகல் எல்லாவற்றையும் ஒன்றாகத் தையுங்கள். மனுவின் மேலே 'மாவட்ட ஆட்சியர் வழியாக, கமாண்டன்ட், தேசியப் பாதுகாப்பு அகாடமி, கடக்வாஸ்லா, புனே 411023' என்று எழுதுங்கள். ஆங்கிலத்திலும் ஒரு பிரதி வேண்டும், ஏனென்றால் புனேயில் தமிழ் படிக்க ஆள் தேட வைக்கக் கூடாது. யூ.பி.எஸ்.சி. அறிவிக்கையில் நிதியுதவி பற்றிய பத்தியைப் பிரின்ட் எடுத்து, அந்த வரிகளை அடிக்கோடிட்டு மேலே வையுங்கள். இது எதற்கென்றால், ஆட்சியர் அலுவலகத்தில் இந்த மாதிரி மனு தினமும் வருவதில்லை. எழுத்தருக்குப் புதிதாக இருக்கும். விதியையே கையில் கொடுத்துவிட்டால் 'இது நம்ம செக்‌ஷன் இல்லையே' என்று ஒதுக்க மாட்டார்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண்ணோடு ரசீது கிடைக்கும். ஒரு வாரம் கழித்து அந்த எண்ணைச் சொல்லி, மனு எந்தப் பிரிவில் இருக்கிறது என்று கேளுங்கள். அனுப்பிவிட்டோம் என்று சொன்னால் கடித எண்ணையும் தேதியையும் வாங்கிப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். சேர்ந்த பிறகு அங்கே கேட்க அது உதவும்.

ஒன்றை மறக்க வேண்டாம். உதவி அனுமதியாவது சேர்ந்த பிறகுதான். முதல் நாள் தொகையை முழுதாகக் கட்டித்தான் ஆக வேண்டும். ஆக, அரசு உதவியை நம்பி ஊர் உதவியை விட்டுவிடக் கூடாது. இரண்டுக்கும் வேலை வேறு.

ஐந்தாம் படி: நினைவு உதவித்தொகைகளை நிபந்தனையோடு படியுங்கள்

என்.டி.ஏ.வில் பழைய நினைவு உதவித்தொகைகள் பல இருக்கின்றன. அறிவிக்கையின் இணைப்பிலேயே பட்டியல் உண்டு. அதில் சில:

கர்னல் கெண்டல் பிராங்க் நினைவு உதவித்தொகை வருடத்துக்கு 4,800 ரூபாய். முன்னாள் படைவீரரின் மகனான மராத்தா கேடட்டுக்கு உரியது. அரசு நிதியுதவி வாங்கினாலும் இதையும் சேர்த்து வாங்கலாம். பைலட் ஆபீசர் குர்மீத் சிங் பேடி நினைவு உதவித்தொகை மாதம் 420 ரூபாய். நான்காம் பருவத்தின் முடிவில் தரவரிசையில் முதலில் நிற்கும் விமானப்படைக் கேடட்டுக்கு ஐந்தாம், ஆறாம் பருவங்களில் தருவார்கள். ஏற்கெனவே வேறு உதவி வாங்குகிறவருக்குக் கிடையாது. நடுவில் ஒரு பருவம் பின்தங்கினால் நின்றுவிடும். கவுர் சிங் நினைவு உதவித்தொகை, பீகாரிலிருந்து தேர்வானவர்களில் முதல் இரண்டு பேருக்கு மாதம் 37 ரூபாய், அதிகபட்சம் நான்கு வருடம்.

மாதம் 37 ரூபாய் என்பது அச்சுப்பிழை இல்லை. அதை ஏற்படுத்திய காலத்தில் ஒரு மாணவனின் மாதச் செலவுக்கு அது நல்ல பணமாக இருந்திருக்கும். கொடுத்தவரின் மனதைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ரூபாயின் மதிப்புதான் இறங்கிவிட்டது, பத்திரத்தில் எழுதிய எண் அப்படியே நிற்கிறது. ஒடிசா அரசு தரும் மாதம் 80 ரூபாய் உதவித்தொகைகள் மூன்றிலும் இதே கதைதான். அந்த மூன்றில் இரண்டுக்கு, பெற்றோரின் வருமானம் வருடத்துக்கு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று நிபந்தனை. நூறு நாள் வேலைக்குப் போகிற வீடுகூட இன்று அந்த வரம்புக்குள் வராது.

இவற்றில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அசாம் அரசு உதவித்தொகை மாதம் 30 ரூபாய். அந்த மாநிலத்தின் சிறந்த இரண்டு கேடட்டுகளுக்கு, வருமானம் பார்க்காமல் தருவது. ஆனால் அதை வாங்குகிறவருக்கு அரசின் வேறு நிதியுதவி கிடையாது. ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவன் பெருமைக்காக 30 ரூபாயை ஏற்றுக்கொண்டால் மாதம் 1,000 ரூபாயை இழக்க நேரும். அதனால் எந்த உதவித்தொகையாக இருந்தாலும் தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் 'மற்ற உதவியோடு சேர்த்துப் பெறலாமா' என்ற வரியைத் தேடுங்கள். விதிமுறைகளின் முழு வடிவத்தை கமாண்டன்டுக்கு எழுதிக் கேட்டுப் பெறலாம் என்று அறிவிக்கையே சொல்கிறது.

என் கருத்து இது. தகுதி இருந்தால் நினைவு உதவித்தொகையைக் கட்டாயம் வாங்குங்கள். உயிரைக் கொடுத்த ஒருவரின் பெயரோடு பதினெட்டு வயதுப் பிள்ளையின் பெயர் சேருவது அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் கௌரவம். ஆனால் குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கில் அதை வருமானமாக எழுதிவைக்காதீர்கள்.

ஆறாம் படி: மாநில அரசுகளும் முன்னாள் படைவீரர் நல அலுவலகமும்

மாநிலங்கள் தரும் தொகை இப்போது பெரிதாகியிருக்கிறது. ஹரியானாவும் சண்டிகர் நிர்வாகமும் ஒரு லட்சம் ரூபாய் தருகின்றன. ஆனால் இரண்டுமே பயிற்சியை வெற்றிகரமாக முடித்த பிறகு தரும் பரிசு. சேருகிற நாளில் அந்தப் பணம் கையில் இருக்காது. முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கு மகாராஷ்டிரம் தரும் 50,000 ரூபாய் பயிற்சிக் காலத்திலேயே கிடைப்பது. அகாடமியிலிருந்து சான்று வாங்கி மாவட்ட அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அப்பாவோ அம்மாவோ படையில் இருந்தவர் என்றால் முதலில் போக வேண்டிய இடம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, டிஸ்சார்ஜ் புத்தகம் (படையிலிருந்து விடுபடும்போது தரும் ஆவணம்), அதில் பிள்ளையின் பெயர் பதிவான பக்கம், சேர்க்கை உத்தரவு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். போய் 'ஏதாவது உதவி உண்டா' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 'மாநில முன்னாள் படைவீரர் நலத் தொகுப்பு நிதியிலிருந்து அதிகாரிப் பயிற்சிக்குச் சேருகிற பிள்ளைக்கு என்ன உண்டு, கேந்திரிய சைனிக் போர்டு (மத்திய அரசின் படைவீரர் நல வாரியம்) வழியாக என்ன உண்டு, கடைசித் தேதி எது' என்று மூன்று கேள்வியாகக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பிள்ளையின் பெயரோ பிறந்த தேதியோ தப்பாக இருந்தால் அதைத் திருத்த மாதக்கணக்கில் ஆகும். பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது.

உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதிநகர் சைனிக் பள்ளியில் படித்து வருகிற பிள்ளைகள் வருமானத்தை ஒட்டிய அரசு உதவித்தொகையை ஏற்கெனவே வாங்கியிருப்பார்கள். அந்தக் கோப்பின் நகல்களை எடுத்து வைத்திருந்தால் இங்கே பாதி வேலை முடிந்த மாதிரி.

ஏழாம் படி: ஊரிடம் கேட்பது

முதல் நாள் தொகைக்கு அவசரமாக உதவக்கூடியது ஊர்தான். ரோட்டரி, லயன்ஸ் கிளைகள், பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம், முன்னாள் படைவீரர் சங்கம், சமூக அறக்கட்டளை, ஊர்க் கமிட்டி என்று எல்லா இடத்திலும் கேட்கலாம். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை மாதிரி தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் இதை விளக்கிச் சொல்லக்கூடத் தேவையில்லை. மற்ற ஊர்களில் 'அரசாங்கம்தான் எல்லாம் தருமே?' என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் கடிதத்திலேயே இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

'ஐயா, வணக்கம். எங்கள் மகள் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குத் தேர்வாகியிருக்கிறாள். பயிற்சியும் சாப்பாடும் அரசு செலவு. சேரும் நாளில் நாங்கள் கட்ட வேண்டியது 55,899 ரூபாய். எங்களால் திரட்ட முடிந்தது 20,000. மீதி 35,899 ரூபாய்க்கு உதவி கேட்கிறோம். ஆட்சியர் வழியாக அரசு நிதியுதவிக்கும் விண்ணப்பித்திருக்கிறோம், ரசீது நகல் இணைத்துள்ளோம். அதில் திரும்ப வரும் பணத்தை, அடுத்த ஆண்டு இதே போல் போகும் பிள்ளைக்காகச் சங்கத்திடமே ஒப்படைக்கிறோம்.'

மகள் என்று எழுதியது காரணத்தோடுதான். 2022 முதல் என்.டி.ஏ.வில் பெண்களும் சேருகிறார்கள். முதல் அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். பழைய அறக்கட்டளைப் பத்திரங்களில் 'மாணவன்' என்று மட்டும் இருந்தால் சங்கத்தில் பேசித் தீர்மானம் போட வையுங்கள்.

கேட்கிற தொகை துல்லியமாக இருக்கட்டும். அடையாறு ஆலமரம் அளவு பாராட்டு விழா, பொன்னாடை, ஃபிளெக்ஸ் எல்லாம் வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிடலாம், அந்தச் செலவைச் சேர்க்கைக் கணக்கில் போடச் சொல்லுங்கள். சங்கம் அகாடமியின் கணக்குக்கே நேரே செலுத்த விரும்பினால் சேர்க்கை உத்தரவில் உள்ள முறைப்படி மட்டும் செலுத்தட்டும். 'நான் சீக்கிரம் வாங்கித் தருகிறேன்' என்று கமிஷன் கேட்டு வருகிற இடைத்தரகரிடம் சான்றிதழ்களைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

உதவி வாங்குவதற்கு முன் பிள்ளையிடம் ஒரு விஷயம் பேசிவிடுங்கள். தன் விருப்பத்தால் நடுவில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டுவதாகப் பெற்றோர் பத்திரம் எழுதித்தர வேண்டும். அது பெரிய தொகை. எந்தச் சங்கமும் அதற்கு உதவ வராது.

எட்டாம் படி: நினைவு நிதி தொடங்க நினைப்பவர்களுக்கு

திருச்சிக்காரரான மேஜர் மாரியப்பன் சரவணன் 1999 மே மாதம் கார்கில் போரில் பட்டாலிக் என்ற இடத்தில் வீரமரணம் அடைந்தார். மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியானில். இருவரும் சென்னை ஓ.டி.ஏ.வில் பயின்றவர்கள். இப்படி ஒரு மகனைக் கொடுத்த ஊரில் சிலைக்கும் வளைவுக்கும் பணம் சேருகிறது. அதோடு ஒரு உதவித்தொகையும் சேர்ந்தால் அந்தப் பெயர் வருடா வருடம் ஒரு பிள்ளையைக் கடக்வாஸ்லாவுக்கோ பரங்கிமலைக்கோ அனுப்பும்.

பத்திரம் எழுதும்போது 37 ரூபாயை நினைவில் வையுங்கள். 'மாதம் 2,000 ரூபாய்' என்று எண்ணாக எழுதாதீர்கள். 'சேரும் நாளில் கட்ட வேண்டிய தொகையில் பாதி' என்று எழுதுங்கள். அகாடமி தொகையை உயர்த்தினால் உதவியும் தானாக உயரும். வருமான வரம்பையும் அப்படியே, 'அரசு நிதியுதவிக்கு அந்த ஆண்டில் உள்ள வரம்பு' என்று எழுதிவிடலாம். ஐந்து லட்சம் ரூபாயை வைப்புநிதியில் போட்டு ஏழு சதவீத வட்டி கிடைத்தால் வருடம் 35,000. அதில் ஒரு ஐந்தாயிரத்தை முதலோடு சேர்த்துவிட்டு மீதியை ஒரே பிள்ளைக்குக் கொடுங்கள். பத்துப் பேருக்கு மூவாயிரம் வீதம் பிரித்தால் மேடையில் கூட்டம் இருக்கும், யாருடைய அடகு நகையும் மீளாது. குடும்பத்தார் கையில் மட்டும் வைக்காமல் பதிவு செய்த அறக்கட்டளையாக, பள்ளித் தலைமையாசிரியரும் ஒரு முன்னாள் படைவீரரும் அறங்காவலராக இருக்கும்படி அமையுங்கள். வருமான வரியின் 80ஜி பதிவு வாங்கினால் நன்கொடை தருகிறவருக்கும் சலுகை கிடைக்கும்.

பயிற்சியில் காயப்பட்டு மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்படும் கேடட்டுக்கும் பத்திரத்தில் ஒரு பிரிவு வையுங்கள். முதுகெலும்பிலோ தலையிலோ அடிபட்டு வீடு திரும்பியவர்கள் பல வருடம் முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லாமல், மருத்துவத் திட்டத்திலும் இடம் இல்லாமல் இருந்தார்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதைக் கையில் எடுத்தது. அந்த மாத இறுதியிலேயே அவர்களுக்கு முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தின் வசதியை அரசு திறந்தது. மருத்துவம் கிடைத்தாலும், விட்ட படிப்பைத் தொடரக் கல்லூரிக் கட்டணம் வேண்டும், தேர்வு எழுதித்தர ஆள் வேண்டும், சக்கர நாற்காலி நுழைகிற விடுதி வேண்டும். 'இந்த நிதியில் உதவி பெற்ற கேடட் மருத்துவக் காரணத்தால் வெளியேறினால், அவரது பட்டப்படிப்பு முடியும் வரை உதவி தொடரும்' என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.